காலம் யாருடைய உடைமை?

'நேரமில்லை' என்னும் சொல்லைப் போல் மாணவர் வாயில் அடிக்கடி வரும் சொல் பிறிதொன்றில்லை. ஒப்படை ஏன் இன்னும் வரவில்லை என்று விரிவுரையாளர் வினவும்போதும், கடைக்குப் போய் வரவில்லையே என்று தாய் கேட்கும்போதும் இதுவே விடை. இவ்விடையில் உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. அவற்றைப் பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நேரசூசி வரைவது எப்படி என்பது வசதி பற்றிய வினா. மாணவன் ஒருவனின் நேரம் யாருக்கு உரியது என்பதோ அறம் பற்றிய வினா.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள். இலங்கையின் தகைமைச் சட்டகம் முழுநேர மாணவரின் ஓராண்டுப் படிப்பை 1,500 மணித்தியாலங்கள் என மதிப்பிடுகிறது. விரிவுரை, செய்முறை, சுயகற்றல், பரீட்சை ஆயத்தம் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். பதினைந்து வாரங்கள் கொண்ட இரு பருவங்களுக்கு அதனைப் பங்கிட்டால் வாரத்துக்கு 50 மணித்தியாலங்கள் வரும். நாளொன்றுக்கு ஏழு வீதம் உறக்கத்துக்கு 49 போனால், எஞ்சுவது 69. அதாவது ஒரு நாளுக்கு ஏறத்தாழப் பத்து மணித்தியாலங்கள். தாளில் இக்கணக்கு மிகத் தாராளமானது.

இதே கணக்கை முகத்துவாரத்துக்கு எடுத்துச் செல்வோம். களனி கங்கை கடலோடு கலக்கும் அவ்விடத்தை அடுத்து, மீன்பிடித் தொழிலாளரும் துறைமுகத்தில் வேலை செய்வோரும் சிறு வியாபாரிகளும் நெருக்கமாக வாழ்கின்றனர். அங்குள்ள ஒரு சிறு வீட்டில் பல்கலைக்கழகம் செல்லும் மகள் ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். விடியுமுன் தண்ணீர் பிடிப்பவள் அவள். சமையலுக்குத் துணை நிற்பவள் அவள். தம்பி தங்கையரைப் பாடசாலைக்கு அனுப்புபவளும் அவளே. பின்னர் கொட்டாஞ்சேனையையும் புறக்கோட்டையையும் கடந்து பஸ்ஸில் நின்றபடி பயணம். மாலையில் அயற்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சிறிது பணம் தேடுகிறாள். வீடு உறங்கிய பின்னரே அவளுடைய புத்தகம் திறக்கிறது. அதே வீட்டில் உயர்தரம் படிக்கும் தம்பி புத்தகத்தை விரித்தால், "அவன் படிக்கிறான், கூப்பிடாதே" என்று எல்லோரும் தாழ்ந்த குரலிற் பேசுகின்றனர். அக்காள் விரித்தால், "படிப்பைப் பிறகு பார்க்கலாம், முதலில் இதைச் செய்" என்கின்றனர். ஒரே கூரையின் கீழ், ஒரே கடிகாரத்தின் முன், இருவருக்கும் கிடைப்பது ஒரே காலமன்று.

உரோமானிய மெய்யியலாளரான செனக்கா, வாழ்நாள் குறுகியதன்று, நாமே அதனை வீணடித்துக் குறுக்கிக்கொள்கிறோம் என்று வாதிட்டார். நம்மிற் பலருக்கு இது பொருந்தும். கைத்தொலைபேசியிற் கரைந்த இரவுக்கு வறுமையைக் காரணம் காட்டுதல் நேர்மையன்று. ஆயினும் செனக்கா பெருஞ் செல்வர். அடிமைகள் ஊழியம் புரிந்த சமுதாயத்தில் வாழ்ந்தவர். தம் நாளைத் தாமே வகுக்கக் கூடியவருக்கு அவர் கூறியது முழு உண்மை. தண்ணீர்க் குழாயடியில் நிற்பவளுக்கு அது பாதி உண்மையே.

எஞ்சிய பாதியை வள்ளுவரின் அதிகார அமைப்பில் நாம் காணலாம். 'காலமறிதல்' குறளின் 49ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது 'வலியறிதல்'. பின் நிற்பது 'இடனறிதல்'. இம்மூன்றும் அரசனை நோக்கிச் சொல்லப்பட்டவை எனினும் மாணவருக்கும் ஏற்புடையன. தன் வலிமையையும் தான் நிற்கும் இடத்தையும் அறியாதவன் காலத்தை மட்டும் அறிய முடியாது. வேறொருவருடைய வீட்டுக்கும் உடலுக்கும் ஏற்ற நேரசூசியை நம் சுவரில் ஒட்டுவது, அளவு பாராமல் இரவற் சட்டை அணிவதற்கு ஒப்பாகும்.

காலத்தை ஆணையால் மாற்றிவிடலாம் என்னும் எண்ணத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996 மே மாதத்தில் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளப்பட்டன. 2006 ஏப்ரலில் பழைய நேரமே மீண்டது. முள்ளை நகர்த்தியதால் சூரியன் முந்தி எழவில்லை. பிள்ளைகளே இருளில் எழுந்து பாடசாலைக்குப் புறப்பட்டனர். வீட்டு நிலை மாறாதிருக்க நேரசூசியை மட்டும் மாற்றுவோருக்கும் இதுவே நிகழும்.

அப்படியாயின் மாணவரின் நேரம் யாருடையது? முழுவதும் தமக்கே என்பார் ஒரு சாரார். 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பொதுமக்களின் வரியில் நடைபெறுவது. கரைவலை இழுப்பவனும் கடையிற் சீனி வாங்கும்போது அதற்குப் பங்களிக்கிறான். ஆகவே படிக்கும் நேரம் நமக்குத் தரப்பட்ட நம்பிக்கைப் பொருள். வீணாக்க நமக்கு உரிமையில்லை. முழுவதும் குடும்பத்துக்கே என்பார் மறு சாரார். குடும்பக் கடமை மெய்யானதே. ஆனால் ஒருவர் மீதே சுமத்தப்படும் கடமை, கடமை என்னும் பெயருக்குரியதன்று. குடத்தை முறைவைத்துச் சுமந்தால் தம்பியின் பரீட்சை கெட்டுவிடாது. அக்காளின் பட்டம் பிழைக்கும்.

எல்லா நாளும் ஒரே அளவில் உழைக்கவேண்டும் என்பதுமில்லை. தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கரையிற் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், சிறு தோணிக்காரர் பல நாள்கள் கரையிலே தங்குவர். அந்நாள்களை அவர்கள் இழந்த நாள்களாக எண்ணுவதில்லை. வலையின் கிழிசலைப் பொத்துவர். வீட்டில் நோயோ துயரோ வந்த வாரத்தில் அரைப் பக்கம் மட்டும் படிக்க முடிந்த மாணவரும் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இறுதியாக நம்மை நாமே கேட்கவேண்டிய ஒரு வினா உண்டு. நூலகத்தில் நாம் அமைதியாக அமர்ந்திருக்கும் அந்த மாலைப்பொழுது வானத்திலிருந்து விழுந்ததன்று. நமக்காகச் சோறு சமைத்து, துணி துவைத்து, நம் முறைக்குரிய குடத்தையும் சுமந்த ஒருவருடைய மாலைப்பொழுது அது. 'எனக்கு நேரமில்லை' என்று சொல்லுமுன், 'எனக்குக் கிடைத்த நேரம் யாருடையது?' என்று கேட்போமாக. அக்கேள்விக்கு நேர்மையாக விடை காண்பவர் தம் நேரத்தை வீணாக்கமாட்டார். பிறர் நேரத்தைத் தமதென்று எடுத்துக்கொள்ளவும் மாட்டார்.