படம் பிடித்த கண்



சில ஆண்டுகளுக்கு முன் என் உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் சென்றேன். ஹரம் ஷரீபினுள் நுழையும்போது தலை குனிந்தே நடக்க வேண்டும், கஃபத்துல்லாஹ்வின் எதிரே வந்தபின் கண்ணை உயர்த்தி துஆக் கேட்க வேண்டும் என்று ஊரிலேயே பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உம்மா அப்படியே செய்தார்கள். நான் செய்தது வேறு. கண்ணை உயர்த்துமுன் செல்போனை உயர்த்திவிட்டேன். மினாராவும் கஃபாவும் ஒருசேர அடங்க வேண்டுமே என்று இரண்டடி பின்னே போனேன். அந்நேரம் உம்மா என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்கள். என் காதில் விழவில்லை.

இரவு தங்குமிடத்தில், "என்ன உம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அது அப்பச் சொன்னது வாப்பா. இப்ப வராது" என்றார்கள்.

மறு ஆண்டு உம்மா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்று எடுத்த பன்னிரண்டு படங்கள் என்னிடம் இருக்கின்றன. அந்தச் சொல் இல்லை.

படம் பிடிப்பது கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவுக்குள் நான் போகவில்லை. உருவம் வரைவோரைக் கடுமையாக எச்சரிக்கும் ஹதீஸ்கள் உள்ளன. கேமராவில் விழுவது நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று கூறி, எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அவர்கள் அனுமதித்தார்கள். மறுத்த ஆலிம்களும் பலர். ஹஜ்ஜுக்குப் போகும் பாஸ்போர்ட்டிலேயே படம் இருக்கிறதே! படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு பெரியம்மா படத்தில் கஃபாவைக் கண்டு கண்ணீர் விடுவதை நான் குறை கூற மாட்டேன். 1880-ல் ஸாதிக் பே என்ற எகிப்திய ராணுவ அதிகாரி மக்காவைப் படமெடுத்தபோது, கண்ணாடித் தகடுகளையும் மருந்துகளையும் ஒட்டகப் பாதையில் சுமந்து போக வேண்டியிருந்தது. ஒரு படத்துக்கு அத்தனை பாடு! நமக்கோ விரல் பட்டால் போதும். எனவே எதை எடுக்கிறோம் என்ற யோசனையே எழுவதில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை அபூ ஜஹ்ம் (ரலி) அன்பளித்த வேலைப்பாடுள்ள மேலாடையை அணிந்து தொழுதார்கள். தொழுகையில் பார்வை ஒரு தடவை அந்தப் பூவேலையில் பட்டது. முடித்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பி, அவரிடமிருந்த சாதாரண ஆடையை வாங்கி வரச் சொன்னார்கள். தன் கவனத்தை அது இழுத்ததாகக் காரணமும் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) வீட்டில் உருவம் வரைந்த திரை தொழுகையில் குறுக்கிட்டபோதும் அகற்றவே சொன்னார்கள். கவனியுங்கள். அந்த ஆடை ஹராம் அன்று. அபூ ஜஹ்மின் மனம் நோகக் கூடாதென்றுதான் பதிலுக்கு வேறொன்று கேட்டு வாங்கினார்கள். ஆனாலும் கல்பை இழுத்த பொருளைத் தம்மிடம் வைத்துக் கொள்ளவில்லை. பூவேலைத் துணிக்கே இப்படியென்றால், கையில் மினுங்கிக் கொண்டிருக்கும் இந்தக் கண்ணாடிக்கு என்ன சொல்வது?

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சமாயிருக்கிறது. எடுத்த படத்தைத் தவாஃபை முடிக்குமுன்னரே ஊருக்கு அனுப்பினேன். யார் யார் பார்த்தார்கள் என்று ஸயீயில் மர்வாவுக்குப் போகும் வழியிலேயே பார்த்தேன். நாயகம் (ஸல்) அவர்கள் பழைய சேணத்தின் மீது, நான்கு திர்ஹம் பெறுமோ பெறாதோ என்ற ஒரு துணியோடு ஹஜ்ஜுக்குப் போனார்கள். முகஸ்துதியும் பேர் கேட்கும் ஆசையும் கலவாத ஹஜ்ஜாக இதை ஆக்கிவிடு என்று அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். யாருக்குத் தேவையில்லையோ அவர்கள் கேட்ட துஆ அது.

ஊர் திரும்பும் நாளில் கடைசித் தவாஃபுக்குப் போகும்போது செல்போனை உம்மாவிடம் கொடுத்தேன். உம்மா ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பையில் போட்டு முடிச்சிட்டார்கள். கூட்டத்தில் பிரிந்துவிடாதிருக்க என் முழங்கையைப் பிடித்துக் கொண்டு, மறுகையிலிருந்த தஸ்பீஹ் மணியில் சுற்றுகளை எண்ணி வந்தார்கள். ஐந்தாவது சுற்றில் எனக்குக் கணக்குத் தவறியது. நான்கு என்றேன். "அஞ்சு வாப்பா" என்று என் கையை ஒருதரம் அழுத்தினார்கள்.