காட்டுத் தீயும் தடையின் நியாயமும்

புதுச்சேரிக்கென்று பெருங்காடு கிடையாது. ஆனாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் தாவர வரைபடங்களைத் தயாரித்தது, 1955 முதல் இங்கே இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்தான். விடுமுறையில் மலையேறப் புறப்படுவோருக்கும் இவ்வூரில் குறைவில்லை. ஆகவே, கோடையில் காட்டை மூடுவது நியாயமா என்ற கேள்வி இந்நகரத்துக்கும் உரியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. காடு பொதுச்சொத்து, ஆபத்து நேர்ந்தால் அது என்னோடு போகட்டும் என்பார்கள் சிலர். அது அவர்களோடு போவதில்லை. சரிவில் தீ மனிதரைவிட வேகமாக மேலேறும். சிக்கியவரை மீட்க இன்னொருவர் அதே சரிவில் இறங்கியாக வேண்டும். அந்த உயிருக்கு முன் பயணத்தைச் சில வாரம் தள்ளிப்போடுவது ஓர் இழப்பே அல்ல.

ஆனால் இதே தடையைக் காட்டில் வாழ்பவர்மேலும் அப்படியே சுமத்தும்போது அறம் பிசகுகிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவதை 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமே குற்றமாக்கியது. பீடித்துண்டை வீசுபவரும், கோடை முற்றுமுன் சருகுக்குச் சிறு தீ இடுபவரும் இத்தகைய சட்டத்தின் கண்ணில் ஒன்றே. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் அப்படித்தான் தரைத் தீ இட்டுவந்தனர். 1974இல் அங்கே சரணாலயம் வந்தபின் அவ்வழக்கம் ஒடுக்கப்பட்டது. பின்னர் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்; தீ நின்றதே காரணம் என்கிறார்கள் சோளகர். எரியாமல் குவிந்த சருகும் புதரும் பற்றினால், தரையோடு போக வேண்டிய தீ மரக்கிளைக்கு ஏறுகிறது.

புதர் மண்டிவிட்ட இன்றைய காட்டில் பழைய தீயும் கட்டுக்கடங்காதே என்பது வலுவான ஆட்சேபம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதிலிருந்து பெறப்படுவது, முதலில் உண்ணிச்செடியை வெட்டியகற்ற வேண்டும், பிறகு வனத்துறையும் ஊராரும் கூடி எங்கே, எந்த வாரம் தீ இடுவது என்று முடிவுசெய்ய வேண்டும் என்பதே. முழுத்தடை அதிலிருந்து பெறப்படுவதில்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டவும், பச்சைத் தழையால் தீயை அடித்தணைக்கவும் பருவக் கூலிக்கு அமர்த்தப்படுவோரில் பலர் பழங்குடியினர். அந்தக் கூலியோடு, தீ இடும் நாளைக் குறிக்கும் கூட்டத்தில் ஓர் இருக்கையும் அவர்களுக்கு உரியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைப் பேணும் உரிமையைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. அதற்கெனப் புதிதாக ஒரு சட்டமும் தேவையில்லை.