தயம்மும் போக்காத அழுக்கு



பாங்கு ஒலித்ததும் பள்ளிவாசல் ஹவுளுக்கு விரைகிறோம். ஒளுவில் நாம் முதலில் கழுவுவது மணிக்கட்டு வரை இரு கைகளை. தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடலாகாது என்பதும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுக்கமே. சோப்பும் குழாயும் அருகிலிருப்பதால் இது நமக்கு எளிதாகிவிட்டது.

நம்மைப் போலவே கிப்லாவை முன்னோக்கும் ஒரு சமுதாயத்துக்கு இந்த எளிய செயல் எவ்வளவு அரிதாயிற்று என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

2017 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி, மியான்மரின் அரக்கான் பகுதியில் நடந்த இராணுவக் கொடுமைக்குத் தப்பி, சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தார்கள். குதுப்பாலோங் குன்றுகளில் மூங்கிலும் தார்ப்பாயுமாகக் குடிசைகள் நெருங்கி எழுந்தன. இரக்கமுள்ளோர் பலர் ஓடிவந்து அடிகுழாய்கள் போட்டார்கள். ஆனால் அவசரத்தில் ஆழமில்லாத குழாய்களும் கழிவறைக் குழிகளும் அடுத்தடுத்தே அமைந்துவிட்டன. சோதித்தபோது பல குழாய்களின் நீரில் மலக்கிருமிகள் காணப்பட்டன. நன்மை நாடிச் செய்த தர்மமே நோய்க்கும் வழியாயிற்று!

பெண்களின் துயரம் இதனினும் பெரிது. பர்தா பேணும் அவர்கள் பகலில் பொதுக் கழிவறைக்குச் செல்லக் கூசினார்கள். அதற்காகவே பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பின்னர் ஆழ்துளைக் கிணறுகளும் குளோரின் கலந்த குழாய்நீரும் வந்து நிலைமை தேறியது உண்மை. ஆனால் அவையாவும் பிறர் தரும் உதவியைக் கொண்டே இயங்குகின்றன. உதவும் கை தளர்ந்தால் குழாயும் வறண்டுபோகும்.

'தண்ணீர் கிடைக்காவிட்டால் தயம்மும் இருக்கிறதே!' என்று சிலர் கூறலாம். ஆம், மாயிதா சூராவில் அல்லாஹ் அருளிய சலுகை அது. அதனால் தொழுகை நிறைவேறும். ஆனால் குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட தாய், அதே கையால் சோறு பிசைந்து ஊட்டும்போது, அக்கையிலுள்ள கிருமியைத் தயம்மும் போக்காது. அச்சலுகை தண்ணீர் இல்லாதவருக்கு ரஹ்மத். தண்ணீர் உள்ளவர் கைகட்டி நிற்பதற்குச் சாக்கு அன்று.

மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களும் அகதிகள்தாமே! அங்கே ரூமா கிணற்று நீர் காசுக்கு விற்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்ட, உஸ்மான் (ரலி) அவர்கள் அக்கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலங்கழிப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆகவே தண்ணீர் கொடுப்பது மட்டுமல்ல, அதை அசுத்தத்திலிருந்து காப்பதும் தீனில் உள்ளதே.

நிவாரணப் பணியாளர் கைக்கொள்ளும் ஸ்பியர் அளவுகோல் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீரும், மாதத்துக்கு 250 கிராம் குளியல் சோப்பும் வேண்டும் என்கிறது. இது ஆடம்பரமன்று, குறைந்த அளவே. எனவே தர்மம் செய்யும்போது, கிணறு தோண்டிப் பெயர்ப்பலகை வைப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. விவரமறிந்தவர்களைக் கலந்து இடம் தேர்ந்தோமா? பழுது பார்க்கப் பணம் வைத்தோமா? சோப்புக்கும், பெண்கள் மறைவாகக் குளிக்கும் இடத்துக்கும் பங்கு ஒதுக்கினோமா? இவற்றையும் கேட்டுக்கொள்வோம்.

இரு கை நிறையக் கொள்ளும் ஒரு 'முத்து' அளவு நீரில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளு செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டபடி பேசிக்கொண்டிருக்கிறோம்! அடுத்த வக்தில் கைகளை நனைக்கும்போது, நனையாத அந்தக் கைகளும் நம் நினைவுக்கு வரட்டும்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்ல தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.