காட்டில் ஓர் இரவு: யாரிடம் கேட்பது?

நெகிரி செம்பிலானின் ராசாவிலிருந்து கிளம்பி, கோலாப்பிலா சாலையில் அரை மணி நேரம் போல ஓடினால் உலு பெண்டுல் வந்துவிடும். 825 மீட்டர் உயர அங்சி மலையின் அடிவாரத்தில் ஆறும் மரங்களுமாகக் கிடக்கும் ‘ஹூத்தான் லிப்பூர்’, அதாவது பொழுதுபோக்குக் காடு, அது. பள்ளி விடுமுறை வந்தால் கூடாரம், கேஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, மசாலா தடவிய கோழி என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு தமிழ்க் குடும்பங்களும் வந்து இறங்கும். தோட்டத்தில் வளர்ந்த பாட்டி யாராவது கூட வந்திருந்தால், பிள்ளைகள் ஆற்றில் கால் வைப்பதற்குள் மரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிடுவார். “பிள்ளைங்க ஒரு ராத்திரி இருந்துட்டுப் போகுதுங்க சாமி, பாத்துக்க.”

மேலே மலையேறப் போகிறவர்களோ வனத்துறையிடம் பெர்மிட் எடுக்கிறார்கள். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் கேட்கும் அனுமதி அது. ஒன்று சாமியிடம், இன்னொன்று சர்க்காரிடம். இரண்டும் ஒன்றா? சாமியிடம் கேட்டவருக்குச் சர்க்காரின் சீட்டு எதற்கு?

பாட்டியின் எலுமிச்சம்பழத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நெகிரி செம்பிலானில் காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில், காடு என்றால் உல்லாசம் இல்லை. புலி, பாம்பு, ஆளை அள்ளிக்கொண்டு போன மலேரியா. லயத்து வெளிச்சம் முடிகிற இடத்தில் சூலத்தை நட்டு முனியாண்டியை நிறுத்தினார்கள். சாராயமும் சுருட்டும் படைத்தார்கள். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து பால் வெட்ட நிரைக்குள் நுழைந்தவர்களுக்கு அந்தச் சாமிதான் துணை. அவர் வேலை காவல். உள்ளே இருப்பவர்களைக் காப்பது பாதி வேலை. இதற்கு மேல் போகாதே என்று சொல்வது மீதிப் பாதி.

மலைக்குச் சேயோனையும் காட்டுக்கு மாயோனையும் தெய்வமாக வைத்தது தொல்காப்பியம். அதாவது தமிழனுக்குக் காடு என்றுமே ஆளில்லாத இடமாக இருந்ததில்லை. ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் வீடு அது.

சாமியிடம் கேட்டால் போதுமா, சர்க்காரிடமும் கேட்க வேண்டுமா என்ற கேள்வி உண்மையிலேயே முட்டிக்கொண்ட இடம் தமிழ்நாட்டில், திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து, தாமிரபரணிக் கரையில் குடில் போட்டு, பொங்கி, ஆடு வெட்டி, நாள்கணக்கில் தங்குவது பழைய வழக்கம். அந்தக் காடோ 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆற்றில் துணியும் கரையில் பிளாஸ்டிக்கும் சேரச் சேர, வனத்துறை தங்கும் நாள்களைக் குறைத்தது. சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்தியது. சோதனைச் சாவடியில் பைகளைப் பிரித்துப் பார்த்தது. பாட்டன் காலத்திலிருந்து வருகிற எங்களைத் தடுக்க இவர்கள் யார் என்று பக்தர்களுக்கு மனத்தாங்கல்.

அந்த மனத்தாங்கலில் நியாயம் இல்லாமல் இல்லை. புலிகள் காப்பகம் வருவதற்கு முன்பே அய்யனாரைத் தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைச் சுற்றுலாக்காரர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துவது உறுத்தத்தான் செய்யும். ஆனால் அய்யனார் யார்? எல்லை காக்கும் சாமி. எல்லைச்சாமியைக் கும்பிடுகிறவர் தனக்கு மட்டும் எல்லை கிடையாது என்று வாதாடினால், அந்த வாதம் சாமியிடமே எடுபடாது.

காட்டில் தங்குகிறவருக்கும் எல்லை உண்டு என்பதைச் சபரிமலை யாத்திரை நன்றாக அறிந்திருந்தது. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பெரிய பாதையில் போகிறவர்கள் காட்டில்தான் இரவு தங்குவார்கள். தலையில் இருப்பது இருமுடி: முன்முடியில் சாமிக்கு நெய்த்தேங்காய், பின்முடியில் வழிச்சாப்பாட்டுக்கு அரிசி. நடக்க நடக்கப் பின்முடி இளைத்துவிடும். 41 நாள் விரதம் இருந்து, தலை தாங்குகிற அளவே எடுத்துக்கொண்டு போகும் முகாம் இது. அந்த இருமுடிக்குள்ளும் நாளடைவில் வேண்டாதவை ஏறிக்கொண்டன. கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி 2024இல் கோயிலின் தலைமைப் பூசகரான தந்திரியே சொல்ல வேண்டி வந்தது.

சர்க்காரின் சீட்டும் வெறும் காகிதம் இல்லை என்பதை மலேசியா 2022 டிசம்பர் 16 அன்று பார்த்தது. பத்தாங் காலியில் விடிவதற்கு முன் மலைச்சரிவு இடிந்து விழுந்து, கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இருக்கவில்லை.

உலு பெண்டுல் போன்ற ஆற்றோரங்களில் ‘கெப்பாலா ஆயர்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். கீழே வெயில் அடிக்கும். மேலே பெய்த மழை, கலங்கிய வெள்ளமாக ஒரேயடியாக இறங்கும். தண்ணீர் நிறம் மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், உடனே கரையேற வேண்டும். பழைய ஆட்கள் இதைச் சாமி கோபம் என்பார்கள், வனத்துறை பலகையில் எழுதி வைக்கும். இருவரும் சொல்வது ஒன்றுதான்: இது உன் வீடு இல்லை, பார்த்து நட.

அடுத்த விடுமுறைக்குக் காட்டில் தங்கப் போகிறவர்கள் பெர்மிட்டையும் எடுங்கள், பாட்டியையும் கூட்டிப் போங்கள். ஸ்பீக்கர் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, குப்பையைக் கட்டி எடுத்துவர ஒரு காலிப் பையை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.