மாமியின் தகரப் பேணி

தபசு காலம் வந்தால் மறைக்கல்விப் பிள்ளைகளைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்துவது என் வேலை. பதினாறு வயதிலும் அவர்கள் எழுதிக்கொண்டு வருவது, புதுநன்மைக்குப் பாடமாக்கிய அதே பட்டியல்: பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை, கோபப்பட்டேன்.

டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தவர் யோசேப் வாஸ் அடிகள். 1692இல் கண்டிக்குப் போகுமுன் நாங்கள் இருக்கும் இந்தப் புத்தளத்தில் பணி செய்தார். டச்சுக்காரர் ஆண்ட இடங்களில், பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும் சனம் இருட்டில் அவரைத் தேடிப் போனது. இன்று கோயில் கதவு திறந்தே கிடக்கிறது. பிள்ளைகள் பட்டியலுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். அந்த மறைவிடத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு அடி, சொல்லாத பிள்ளைக்கு நல்ல பெயர் என்றுதானே வளர்த்தோம்?

தாவீது அரசனிடம் போன நாத்தான் குற்றத்தை எடுத்ததும் சொல்லவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொன்னார். அதேபோல இந்த முறை வகுப்பில் நான் என் கதையையே சொன்னேன்.

பதினைந்து வயதில் மாமியின் வாடியில் கருவாடு காயவைக்க உதவுவேன். காசு போட்டு வைக்கும் தகரப் பேணியிலிருந்து அடிக்கடி கொஞ்சம் எடுப்பேன். களவு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது என் கூலி. பாவசங்கீர்த்தனத்தில் 'கீழ்ப்படியவில்லை' என்று சொல்லிவிட்டு வருவேன். சாமிக்கு மறைத்ததைவிட, 'கூலி' என்ற சொல்லால் எனக்கே மறைத்ததுதான் நீண்ட காலம் நின்றது. 'களவெடுத்தேன்' என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது.

இன்னொன்றும் சொன்னேன், அதை ஒவ்வொரு வருடமும் சொல்வேன்: யாராவது உங்களுக்குச் செய்த கொடுமை உங்கள் பாவமல்ல. அதைப் பட்டியலில் எழுதாதீர்கள். நம்பக்கூடிய ஒரு பெரியவரிடம் வந்து சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்து, கதிரை அடுக்க ஒரு பையன் மட்டும் நின்றான்.

"டீச்சர், மாமியிட்ட சொன்னீங்களா?"

"சாமியிட்ட சொன்னன். மாமியிட்ட இல்ல."

"அவ இன்னும் இருக்கிறாவா?"

"இருக்கிறா. கற்பிட்டியில."

அவன் அடுத்த கதிரையைத் தூக்கவில்லை. கையிலிருந்த தன் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றான். நானும் பேசவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் கற்பிட்டிக்குப் போனேன்.