இரவல் போன படகு



சில வாரங்களுக்கு முன் திருப்பலி முடிந்ததும் நம் குழுமத்துத் தம்பி ஒருவர் சக்கிரீஸ்து வாசலில் வந்து நின்றார். "சாமி, பாஸ் மீன் பிடிக்கக் கத்துக்கலாம்னு ஒரு போட் வாங்கியிருக்கேன். மந்திரிச்சுத் தரணும். ஆனா பழசு. பரவாயில்லையா?" புது வீட்டுக்கும் புதுக் காருக்கும் யாரும் இப்படித் தயங்கிக் கேட்டதில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்றைய நற்செய்தியிலேயே இருப்பதால், அதை உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

லூக்கா நற்செய்தி ஐந்தாம் அதிகாரம். கெனசரேத்து ஏரிக்கரையில் இரண்டு படகுகள் நிற்கின்றன. இரவெல்லாம் உழைத்தும் ஒரு மீன்கூடப் படாத படகுகள். ஆள்கள் இறங்கி வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் இயேசு சீமோனின் படகில் ஏறுகிறார். நல்ல மீன்பாடு கண்ட படகாகத் தேடி அவர் ஏறவில்லை. ஏறியதும் மீன் பேச்சையும் எடுக்கவில்லை. கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளச் சொல்கிறார். உட்கார்ந்து, கரையில் நெருக்கியடித்து நின்ற மக்களுக்குப் போதிக்கிறார். தூக்கமில்லாமல் வெறுங்கையோடு திரும்பிய சீமோன், அந்த நேரம் முழுவதும் படகை அலையில் நிலையாகப் பிடித்திருந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய மனிதர்! ஆழத்துக்குப் போகச் சொன்னது அதற்குப் பிறகுதான். முதலில் படகு இரவல் போனது. மீன் பிறகு வந்தது. இந்த வரிசையைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துப் படகு எப்படி இருந்திருக்கும்? 1986இல் வறட்சியால் கலிலேய ஏரி என்றும் பெயருள்ள அதே ஏரியின் நீர் வெகுவாக இறங்கியபோது, கின்னோசர் என்ற ஊரைச் சேர்ந்த மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் புதைந்திருந்த ஒரு படகைக் கண்டார்கள். எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், இரண்டே கால் மீட்டர் அளவுக்கு அகலம். முதல் நூற்றாண்டையொட்டிய காலத்தது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். பேதுரு எனப்படும் சீமோனின் படகு அதுதான் என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்தப் படகின் உடம்பைப் பாருங்கள். கேதுருப் பலகை, கருவாலி விலாக்கட்டைகள், ஒட்டுப்போட்ட இடங்களில் கைக்குக் கிடைத்த வேறு வேறு மரங்கள். அடிமரத்தின் ஒரு பகுதியே அதற்கு முந்தைய ஏதோ ஒரு படகிலிருந்து கழற்றி வைத்தது. செய்த நாளிலேயே பாதி பழசு! புதுப் பலகைக்கு வழியில்லாத தச்சர்கள், திரும்பத் திரும்பச் செப்பனிட்டு அதைத் தண்ணீரில் வைத்திருந்தார்கள். இதுபோன்ற ஒன்றில்தான் ஆண்டவர் ஏறி அமர்ந்தார்.

ஆகவே தம்பி, உங்கள் படகைத் தாராளமாக மந்திரிக்கலாம். ஆனால் தீர்த்தம் தெளித்தால் ஓட்டை அடைபடாது. உங்களைப் பார்த்துப் பழைய படகு வாங்க நினைக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: பழைய ஃபைபர் படகுகளில் என்ஜின் தொங்குகிற பின்பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் இருக்கும். ஒரு திருகு போன துளை வழியாக நீர் இறங்கினால் வெளியே பளபளப்பும் உள்ளே உளுத்துப்போன மரமும்தான். சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்கக் கூடாது. என்ஜினை மேலே தூக்கி லேசாக ஆட்டும்போது பலகை நெளிந்தால் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். டிரெய்லர் சக்கரத்தின் பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா, டயர் எந்த ஆண்டுடையது, தொட்டியில் போன வருடத்துப் பெட்ரோல் கிடக்கிறதா என்றெல்லாம் கேளுங்கள். நாம் இருக்கும் இந்த டெக்சாஸில் படகுக்கும் என்ஜினுக்கும் தனித்தனிப் பத்திரம் உண்டு. இரண்டையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஏரியில் இறக்குமுன் வடிகால் அடைப்பான் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நாற்பது வருடம் படகு ஓட்டியவர்களே இதை மறந்து, கரையிலேயே படகு நிரம்புவதைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். கீழே விழுந்தால் என்ஜினை நிறுத்துகிற கயிற்றை உடம்பில் மாட்டுங்கள். 2021 ஏப்ரல் முதல் சிறு படகுகளுக்கு அது அமெரிக்க நாட்டுச் சட்டம். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஓடும் படகில் மிதவைச் சட்டை போட்டே இருக்க வேண்டும். பூசையில் சொல்கிற விஷயமா இது என்று கேட்காதீர்கள். பிள்ளைகளின் உயிர் பூசையில் பேச வேண்டிய விஷயம்தான்.

இனி தம்பி மீன் பிடிக்கப்போகும் ஏரிக்கு வருவோம். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது லேக் ஃபோர்க். ஏறத்தாழ 27,000 ஏக்கர். 1980இல் அணையை மூடி நீர் தேக்கியபோது பெருமளவு மரங்களை வெட்டாமல் நின்றபடியே மூழ்கவிட்டார்கள். அதனால் பாஸ் மீனுக்கு அது அரண்மனை. அவசரமாகப் படகு ஓட்டுகிறவருக்குக் கண்ணிவெடி. அடையாளமிட்ட படகுத் தடத்தைவிட்டு விலகினால் மெதுவாகத்தான் போக வேண்டும்.

அகலவாய் பாஸ் மீன் திறந்த வெளியில் சும்மா சுற்றித் திரிவதில்லை. மூழ்கிய மரம், பாசி விளிம்பு, படகுத்துறை நிழல் என்று ஏதாவது ஒன்றை அண்டியே இருக்கும். இந்த மாசி மாதத்தில் தண்ணீர் மெல்லச் சூடேற ஆரம்பிக்கும்போது, முட்டையிடும் ஆழமற்ற இடங்களை நோக்கி நகரும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் செய்வது எப்போதும் ஒன்றுதான்: மீன் இருக்கும் இடத்தைக் கேட்காமல் தமக்கு வசதியான இடத்தில் தூண்டில் எறிவார், பிறகு பொறுமையில்லாமல் வேகமாகச் சுற்றி இழுப்பார். ரப்பர்ப் புழுவை அடிமண்ணில் ஊரவிட்டு, தூண்டில் நரம்பில் வருகிற ஒரு சின்னத் தட்டலுக்காகக் காத்திருக்கக் கற்றுத்தர ஆள் வேண்டும். அதைச் சொல்லித்தருபவர் இரைக்கடையில் நிற்கிற பதினைந்து வயதுப் பையனாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் சீமோனை நினைத்துப் பாருங்கள். அவர் கற்றுக்குட்டி இல்லை; அவருடைய கஷ்டமே அதுதான். லினன் நூல் வலை பகல் வெளிச்சத்தில் மீனின் கண்ணுக்குத் தெரியும் என்பதால்தான் இரவில் போனார்கள் என்று அந்த ஏரியின் மீன்பிடி முறைகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இப்போது விடிந்துவிட்டது. வலையை அலசியாயிற்று. நாசரேத்துத் தச்சர் ஒருவர் மீனவரிடம், பகலில், மறுபடி ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார். நம்மில் தூத்துக்குடி, குமரிக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் உண்டு. உங்கள் அப்பாவிடம் ஒரு தச்சர் போய் இப்படிச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதைக் கோயிலுக்குள் சொல்ல முடியாது! சீமோனும் முணுமுணுத்துத்தான் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அனுபவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதல் நாள் படகேறும் பையனைப்போல் சொன்ன இடத்தில் வலையை இறக்குகிறார். இருபது வருடம் கோயிலுக்கு வந்து எல்லாம் தெரிந்துபோன நமக்கு இதுதான் கடினம். புதிதாக வருகிறவர் கேட்கத் தயாராக இருக்கிறார். நாம் பதிலோடு வருகிறோம்.

பெரிய மீன் கிடைத்த இன்னொருவரின் கதையையும் சொல்கிறேன். 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாய இளைஞர், மழையால் வயலில் இறங்க முடியாததால் நண்பரோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். வீட்டுக்குச் சாப்பாடு வேண்டும். கையால் செய்த படகு, ஒரே ஒரு செயற்கை இரை. 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள அகலவாய் பாஸ் அகப்பட்டது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்யும்வரை 77 ஆண்டுகள் அது தனித்த உலக சாதனையாக இருந்தது. அந்த மீனை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அதுதான். பசித்த வீட்டுக்கு மீன் சாப்பாடு. அதில் குறை ஒன்றுமில்லை.

சீமோன் என்ன செய்தார்? வாழ்நாளிலேயே பெரிய பாடு கரைக்கு வந்து சேர்ந்த அன்று, அதை விற்கக்கூட நிற்காமல் எல்லாவற்றையும் விட்டுப் போனார். அந்த மீனையெல்லாம் யார் எடுத்துப் போனார்கள் என்று லூக்கா சொல்லவில்லை. கரையில் நின்ற கூட்டத்துக்கு அன்று நல்ல குழம்பு கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். அதற்கும் முன்னால், மீன் கனத்தில் படகு தாழ ஆரம்பித்ததும் மற்றப் படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டிக் கூப்பிட்டார்கள் என்பதை லூக்கா மறக்காமல் எழுதுகிறார். தனியாக அள்ள முயன்றிருந்தால் வலையும் போயிருக்கும், படகும் போயிருக்கும்.

பாஸ் படகில் பெரும்பாலும் இரண்டு பேர் நின்று மீன் பிடிப்பார்கள். முன்னால் நிற்பவர் டிரோலிங் மோட்டார் என்கிற சிறு மின்மோட்டாரைக் காலால் ஓட்டி, நல்ல இடத்திலெல்லாம் முதலில் எறிவார். பின்னால் இருப்பவருக்கு அவர் எறிந்து முடித்த தண்ணீர்தான். படகு யாருடையதோ அவர்தான் முன்னால். இது எழுதாத வழக்கம். தம்பி, உங்கள் படகுக்கு நான் விதிக்கிற ஒரே நிபந்தனை இதைப் பற்றியது. கூட வருகிறவரை முன்னால் நிற்க வையுங்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

கூட யார் வருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் குழுமத்தில் ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையர் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், தெருவில் நடந்து போக ஆளில்லாமல், கார் ஓட்டவும் முடியாமல், மாதக்கணக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் ஆயுள் முழுவதும் கடலில் இருந்தவர்கள். தண்ணீரைப் பார்த்தே ரொம்ப நாளாயிற்று என்று என்னிடம் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஒரு நாள் மீன்பிடி உரிமம் கடையிலேயே கிடைக்கும். பூசை முடிந்ததும் தம்பி வாசலில் நிற்பார். பெரியவர்கள் பெயர் கொடுங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் படகை மந்திரிக்க நானும் ஏரிக்கு வருகிறேன். ஆமென்.