நன்றிக் கடிதம் யாருக்கு?



சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைக் கண்டு திரும்பிய பள்ளிப் பிள்ளைகள் எழுதிய நன்றிக் கடிதங்களை அண்மையில் படிக்க நேர்ந்தது. எல்லாக் கடிதமும் ஒன்றே. 'எங்களைக் கருணை கூர்ந்து உள்ளே அனுமதித்த அதிகாரி அவர்களுக்கு நன்றி' என்று கரும்பலகையில் ஆசிரியர் எழுதியதை எல்லாக் கைகளும் படியெடுத்திருந்தன. ஒரு சிறுமி மட்டும், "தாத்தா, அந்தக் கல்லைச் செதுக்கினவருக்கு யார் எழுதுவது?" என்று என்னை வினவினாள். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

சொல்லிக்கொடுத்து எழுதிய நன்றி நன்றியாகுமா? அது பொய் என்பார் சிலர். யான் அங்ஙனம் கருதவில்லை. வணங்கப் பழகும் குழந்தைக்கு முதலில் கை குவிகிறது. மனம் பின்னரே குவிகிறது. ஆகவே எழுதச் சொன்னது குற்றமன்று. எதற்கு நன்றி, யாருக்கு நன்றி என்று அறியுமுன்னரே எழுதச் செய்ததே குற்றம்.

நன்றியுடையவனைப் பாலி மொழியில் 'கதஞ்ஞு, கதவேதி' என்பர். செய்யப்பட்டதை அறிந்தவன், அறிந்ததை வெளிப்படுத்துகிறவன் என்பது பொருள். அறிதல் முதலில், அறிவித்தல் பிறகு. அறியாமல் அறிவிப்பது வெறும் உபசாரம். சில வேளை அது அடிமைப் பழக்கமும் ஆகிவிடும்.

1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவ்வருங்காட்சியகம் பொதுமக்கள் பணத்தால் நடப்பது. அதனுள் நுழைவது பிள்ளைகளின் உரிமை. வாயிற்படி தாண்ட விடாத காலத்தை நம் பாட்டன்மார் அறிவர். உரிமையைக் கருணை என்று எழுதப் பழகிய கை, நாளை தன் கூலியையும் கருணை என்றே எழுதும். ஆகவே உள்ளே விட்டதற்கன்று, உழைப்புக்கே நன்றி சொல்ல வேண்டும்.

யாருடைய உழைப்பு? கிருஷ்ணை நதிக்கரையில் இருந்த அமராவதித் தூபியின் கற்கள் அங்கே உள்ளன. 1845இல் வால்டர் எலியட் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி அத்தூபியை அகழச் செய்தார். மண்ணை வெட்டியவர், கல்லைச் சுமந்தவர் பெயர்களை நாம் அறியோம். அமராவதிக் கல்வெட்டுகளுள் ஒன்று, பூரண கும்பம் செதுக்கிய பலகையை விதிகன் என்பவன் தன் தாய், மனைவி, உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருடன் தானமாக அளித்ததைக் கூறுகிறது. அவன் தோல் தொழிலாளி. பல நூற்றாண்டு கடந்தும் அவன் பெயர் நிற்கிறது; செதுக்கியவன் பெயரோ அதில் இல்லை.

பஞ்சாலையில் யான் நூற்ற நூலை உடுத்தியவர் எவரும் என்னை அறியார். அதனால் எனக்கொரு குறையுமில்லை. ஆனால் துணி கடையிலேயே விளைகிறது என்று எண்ணி வாழ்வது அவர்களுக்குக் குறையே. எப்பொருளும் தானாகத் தோன்றுவதில்லை. பிற பலவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்னும் உண்மையை அவர்கள் காணாது போகின்றனர்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்குங்கள். இதைச் செய்தவர் யார்? கொடுத்தவர் யார்? இன்று காலை இக்கூடத்தைப் பெருக்கியவர் யார்? விடை அறிந்த பின் இரண்டே வரி எழுதினாலும் போதும். எழுத்துப் பிழையிருந்தாலும் குற்றமில்லை. அதிகாரிக்கும் எழுதட்டும், அவர் செய்த பணியைக் குறிப்பிட்டு எழுதட்டும்.

அச்சிறுமிக்கு யான் சொன்ன விடை இது: "அம்மா, செதுக்கினவருக்குக் கடிதம் போய்ச் சேராது. அடுத்த முறை அக்கல்லின் முன் சற்று நேரம் நின்று பார். பார்த்ததை உன் தம்பிக்குச் சொல். அதுவே நீ அவருக்குச் செலுத்தும் நன்றி."